கொடுத்தவர் முன்னால் பிரிக்க வேண்டும்

சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் முன்பெல்லாம் விமானத்திலேயே ஒரு வெள்ளை அட்டை நிரப்ப வேண்டும். போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும். இப்போது அட்டை இல்லை, எல்லாம் கைப்பேசியில் முடிந்துவிடுகிறது. நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா சென்ற வாரம் போன் செய்தார். அட்டை போய்விட்டதால் பையன்களுக்குப் பயம் விட்டுப்போகுமே என்று நிர்வாகம் கவலைப்படுகிறதாம். வகுப்பறைச் சுவரில் தூக்குக் கயிறு படம் ஒன்றைப் பெரிதாக மாட்டலாமா என்று கேட்டார். இங்கேயும் கடத்தல்காரர்களைத் தூக்கில் போட்டால்தான் அடங்குவார்கள் என்று இரண்டு ஆசிரியர்களுக்குள் விவாதம் வேறாம். "நீங்க எத்தனை பேட்ச் அனுப்பியிருக்கீங்க சார், நீங்க சொல்லுங்க" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பி.எஸ்ஸி. படித்தவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த அந்த மையத்தில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிற வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைக்கும் இடம். வெல்டிங் கம்பியைக் கட்டுக் கட்டாக வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து, எரிந்த துண்டுகளை எண்ணித் திரும்ப வாங்குவேன். எண்ணாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் இட்லியைக்கூட எண்ணித்தான் வைப்பேன் என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் இருதயராஜ் சார் என்னை ஸ்டோரிலிருந்து எடுத்து, புறப்பாட்டு வகுப்புக்குப் போட்டார்.

இருதயராஜ் சார் எங்கள் மேலாளர். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் ஃபோர்மேனாக இருந்துவிட்டுத் திரும்பியவர். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எவ்வளவு கோபம் வருகிறதோ அவ்வளவு மெதுவாகப் பேசுவார். பயிற்சிக்கு வருகிற எல்லோரையும் 'தம்பி' என்பார், நாற்பது வயதுக்காரரையும்.

புறப்பாட்டு வகுப்பு என்பது கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் நடப்பது. சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி, தங்குமிடத்தில் எப்படி நடந்துகொள்வது, உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் காலையில் முடித்துவிடுவோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சார் வருவார். சிறு துணிப்பைகளை வரிசையாகக் கொடுத்து, "கொஞ்சம் வச்சிருங்க தம்பி, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பார். சுருக்குப் போட்டுக் கட்டியிருக்கும். யாரும் எதுவும் கேட்காமல் மடியில் வைத்துக்கொள்வார்கள். அரைமணி வேறு ஏதோ பேசிவிட்டு, ஒருவரை எழுப்புவார்.

"பையில என்ன இருக்கு?"

"தெரியாது சார். உங்க பை."

"யார் கையில இருக்கு?"

"என் கைல. ஆனா நீங்கதான குடுத்தீங்க?"

"அந்தப் பதில் இங்க செல்லும். அங்க செல்லாது" என்பார்.

பிறகு விளக்குவார். சிங்கப்பூர்ச் சட்டப்படி பை உன்னிடம் இருந்தால் உள்ளே இருப்பதும் உன்னுடையது. என்ன என்று உனக்குத் தெரியும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை, தெரியாது என்றால் அதை நீதான் நிரூபிக்க வேண்டும். சுத்தமான ஹெராயின் பதினைந்து கிராமைத் தாண்டினால் தூக்கு. பதினைந்து கிராம் எவ்வளவு என்று காட்ட இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை ஒருவரின் உள்ளங்கையில் வைப்பார். நான் தராசில் போட்டுப் பார்த்திருக்கிறேன், பதினைந்தைவிடக் கொஞ்சம் கூடத்தான்.

"இதக் கடைக்காரன்கூட வாங்க மாட்டேங்கறான் சார்" என்று ஒருமுறை ஒருவன் சொன்னான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். "அங்க ஒரு உசுருக்கு வாங்கிப்பாங்க தம்பி" என்றார்.

ஆனால் அவர் ஒருநாளும் 'யாரிடமும் பொட்டலம் வாங்காதே' என்று சொன்னதில்லை. அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. நேராக வாங்காதே என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது அல்லவா என்று கேட்டேன்.

"நீங்க வெளிநாடு போறீங்கன்னு வைங்க. பக்கத்து வீட்டம்மா வந்து, என் மகன் அங்கதான் இருக்கான், இந்தப் பருப்புப் பொடிய குடுத்திருப்பான்னு நிக்கிறாங்க. மாட்டேன்னு சொல்லிருவீங்களா?"

நான் யோசித்தேன். சொல்ல மாட்டேன்.

"நானும் சொல்ல மாட்டேன். யாராலும் செய்ய முடியாததை விதியா வச்சா, அதை மீறிட்டு நம்மகிட்ட மறைப்பாங்க. அதனால வாங்கட்டும். ஆனா குடுத்தவங்க முன்னாலயே பிரிச்சுப் பார்த்து, தன் கையால திரும்பக் கட்டணும். அது முடியலைன்னா இங்க வச்சிட்டுப் போகணும்."

கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்து பார்த்தால்தான் தெரியும். அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தவர் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்து நோண்டுவது நம் ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். எங்கள் வகுப்பின் உண்மையான எதிரி கடத்தல்காரன் அல்ல, முகதாட்சண்யம்தான் என்று சார் சொல்வார்.

தூக்குக் கயிறு படம் கவிதா சொல்லித்தான் முதலில் வருகிறது என்று இல்லை. எங்கள் காலத்திலும் யாரோ நல்லெண்ணத்தில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். படம் மாட்டியிருந்தவரை, பொட்டலம் வைத்திருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஒரு கையும் எழும்பாது. நான் எண்ணத் தயாராக நின்று ஏமாந்திருக்கிறேன். எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சந்தோஷமாகச் சாரிடம் சொன்னேன். அவர் படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார். அடுத்த குழுவில் ஏழு பேர் கை தூக்கினார்கள். ஊறுகாய், வடாம், சித்த மருந்துக் குளிகை, கசகசா. கசகசாவும் அங்கே தடைதான், பிரியாணிக்குப் போடுகிற பொருளைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று சார் ஒரு விஷயம் சொன்னார். அதை அவர் வேறு எப்போதும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே வேலை பார்த்தபோது, தூக்குத் தண்டனை பெற்ற ஒருவனின் தாய் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். மொழி தெரியாதவள். இவர்தான் துணைக்குப் போயிருக்கிறார். தூக்குக்கு முன் சிறையில் கடைசியாகப் படம் எடுத்துக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள், அதற்கு நல்ல சட்டை வேண்டும் என்று கடைகடையாக ஏறி இறங்கினாளாம். "கழுத்து அளவு கேட்டான் கடைக்காரன். அந்தம்மாவுக்குத் தெரியல. நான் என் கழுத்தக் காட்டினேன்" என்றார். பிறகு, "அவனும் அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்டவன்தான்" என்றார்.

இனி தேவாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

தேவா திருமுல்லைவாயில்காரன், வெல்டர். கை சுத்தம். அவன் போட்ட இணைப்பை பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஓட்டை கிடைக்காது. கைக்குழந்தை ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் இரண்டு வருட ஒப்பந்தம். அதுவரை மனைவியும் குழந்தையும் மனைவியின் அக்கா சாந்தி வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. சாந்தி வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்கிறவர்.

கிளம்புகிற அன்று காலை எல்லோரும் பையோடு மையத்துக்கு வந்துவிட வேண்டும். மதியம் வேன் புறப்படும். அதற்கு முன் பைச் சோதனை, அது என் பொறுப்பு. மூடிய பையின் எதிரில் நின்று, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வாயால் சொல்ல வேண்டும். நான் எண்ணுவேன். பிறகு அவரே திறந்து, நீளமான இரும்பு மேசையில் பரப்ப வேண்டும். மறுபடி எண்ணுவேன்.

அன்று பதினான்கு பேர். தேவா ஒன்பதாவதாக வந்தான். பத்தொன்பது சாமான் சொன்னான். பரப்பினான். பத்தொன்பது. ஆனால் போர்வையை மட்டும் சுருட்டியபடியே வைத்திருந்தான்.

"போர்வையைப் பிரிப்பா."

"வெறும் போர்வதான் சார்."

"பிரி."

உள்ளிருந்து ஒரு கிலோ டின் வந்தது. மூடியைச் சுற்றிப் பழுப்பு நிற டேப். இருபது என்றேன். அவன் தலை குனிந்துகொண்டான்.

சார் எழுந்து வந்தார். வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார். "யார் குடுத்தது தம்பி?"

"எம் பொண்டாட்டியோட அக்கா சார். சாந்திக்கா. சத்துமாவுதான். அவங்க கஸ்டமர் ஒர்த்தரு, அவரு தம்பி அங்க கீறாராம், அவருக்கு."

"பிரிச்சுப் பாத்தியா?"

"எப்டி சார் பிரிப்பேன்? எம் பொண்டாட்டி, கொயந்த ரெண்டும் அவங்க ஊட்லதான் இருக்கப் போவுது. அந்தாளு வாராவாரம் மாவு வாங்குறவரு. அவங்க எதுர்ல டேப்பக் கிய்ச்சா இன்னா நெனப்பாங்க?"

"அப்ப இங்க வச்சிட்டுப் போ. வந்து வாங்கிக்கட்டும்."

"ஐயோ, அது அதவிட மோசம் சார்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"தூக்குனு சொன்னீங்கள்ல சார். டின்னு கீதுன்னு சொன்னா டிக்கெட்டக் கிய்ச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

இதைத்தான் கவிதா கவனிக்க வேண்டும். தூக்கு என்ற சொல் அவனை டின்னைத் திறக்க வைக்கவில்லை. டின்னை மறைக்க வைத்தது.

சார் அவனிடமே போனைக் கொடுத்துச் சாந்தியைக் கூப்பிடச் சொன்னார். சாந்தி திருமுல்லைவாயிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மாவு காயவில்லை. வரும்போதே குரல் கேட்டது.

"இன்னா சார், என் மாவுல இன்னா வெடிகுண்டா கீது? எட்டு வருசமா அரைக்கிறேன். ஆஸ்பத்திரி நர்சம்மாங்களே எங்கிட்டதான் வாங்கினு போறாங்க. ஏண்டா தேவா, நீயாச்சும் சொல்லக் கூடாது?"

தேவா தரையைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்களில் ஒருவன், "அக்கா, எனக்கும் ஒரு கிலோ எடுத்து வை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"உக்காருங்கம்மா" என்று சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க மாவ யாரும் குறை சொல்லல. எங்க பழக்கம் இது. குடுத்தவங்க கையாலதான் திறக்கணும். இந்த டேப்பு நீங்க ஒட்டினதா?"

"நா எதுக்கு ஒட்டப் போறேன்? நா டின்ல போட்டுக் குடுத்தேன். எறும்பு ஏறிடும், கடையில குடுத்து நல்லா ஒட்டியாறேன்னு அவருதான் எடுத்துகினு போனாரு. மறுநாளு கொண்ணாந்து குடுத்தாரு."

சார் மேசையைச் சுற்றி நின்றவர்களை இரண்டடி பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். யாரும் டின்னைத் தொடக் கூடாது என்றார்.

சாந்தி நகத்தால் டேப்பை உரித்தார். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். வறுத்த பயறும் ஏலக்காயும் மணந்தன. "இன்னா, வெசமா?" என்று கேட்டு, டீ கலக்குகிற ஸ்பூனை எடுத்து மாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மறுபடி அள்ளப் போனார். ஸ்பூன் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

இன்னொரு பக்கம் குத்திப் பார்த்தார். அங்கும் இறங்கவில்லை. வாயிலிருந்த மாவை அவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"அம்மா, கைய எடுங்க" என்றார் சார். "போதும். அப்படியே வைங்க."

மாவு விலகிய இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக்கின் ஒரு மூலை தெரிந்தது.

"நா வெக்கல சார்" என்றார் சாந்தி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எம்புள்ளிங்க மேல சத்தியமா நா மாவுதான் அரைச்சேன்."

"தெரியும்மா. வச்சவங்க அதுல ஸ்பூன் போட்டுத் தின்ன மாட்டாங்க. இங்க இருக்கிற இத்தன பேரும் அதப் பாத்திருக்கோம்."

அப்போதுதான் எனக்கு அந்த விதியின் மறுபாதி புரிந்தது. கொடுத்தவர் முன்னால் பிரிப்பது கொண்டுபோகிறவனை மட்டும் காப்பாற்றுவதற்காக இல்லை.

சார் போலீசுக்குப் போன் செய்தார். வந்தார்கள், டின்னை எடுத்துக்கொண்டார்கள், எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். ஹெராயின்தான். எத்தனை கிராம் என்று நான் கேட்டேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், சொல்லவில்லை. இரண்டு காசைவிட அதிகம் என்று மட்டும் சார் பிறகு சொன்னார். மற்ற பதின்மூன்று பேரும் வேனில் ஏறிப் போனார்கள். தேவாவின் விமானம் அவன் இல்லாமல் போனது. சாந்தியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனபோது சாரும் கூடவே போய், அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சாந்தியை வீட்டுக்கு அனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க, சாந்தியைக் கைது செய்துவிட்டால் தேவாவின் குடும்பம் எங்கே போகும், தேவாவையே சந்தேகப்பட்டால் என்ன ஆகும் என்று நானாக ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் யாருக்கும் அப்படி எதுவும் நடக்கவில்லை.

அந்த வாடிக்கையாளனைச் சென்னீர்குப்பத்தில் அவன் வாடகை வீட்டில் பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் அவனிடம், அந்த ஊரில் இதற்குத் தூக்கு என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். அவன் பதில் சொன்னானாம்: "தெரியும் சார். அதனாலதான் நா போவல."

இன்ஸ்பெக்டர் இதைச் சாரிடம் சொல்ல, சார் என்னிடம் சொன்னார். மரண தண்டனை அவனைத் தடுக்கத்தான் செய்தது. விமானத்தில் ஏறாமல் தடுத்தது. அவ்வளவுதான். அந்தக் கயிறு தன் கழுத்துக்கு எட்டாத தூரத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத ஒரு வெல்டரின் கழுத்தைத் தேடிப் பிடித்தான். தெரிந்து செய்கிறவன் தான் மாட்ட மாட்டோம் என்று நம்புகிறான். தெரியாமல் சுமக்கிறவனுக்கோ பயப்பட வேண்டிய நேரம் இது என்பதே தெரியாது. இந்த இருவரில் யாரை அந்தத் தண்டனை திருத்துகிறது?

அந்த நாட்டுச் சட்டத்தைக் குறை சொல்ல நான் வக்கீல் இல்லை. நம் சட்டத்திலும், ஒருமுறை தண்டனை பெற்றவன் மறுபடி பெரிய அளவில் சிக்கினால் தூக்குவரை போக இடம் இருக்கிறது. போதைப்பொருளால் அழிந்த குடும்பங்களை ஆவடியிலும் பார்த்திருக்கிறேன், கொரட்டூரில் என் தெருவிலும் பார்த்திருக்கிறேன். கடத்துகிறவன்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் என் வேலையில் நான் கண்டது இது. பயம் காட்டியபோது பையன்கள் மறைத்தார்கள், வெட்கப்படாமல் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தபோது பிரித்தார்கள். ஆகவே கவிதா, படம் வேண்டாம். சுவர் அப்படியே இருக்கட்டும். துணிப்பைகள் இன்னும் இருந்தால் அவற்றைத் துவைத்து எடுத்து வையுங்கள்.

தேவாவுக்கு அந்த வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன். சார் அவனுக்கு வேலை கொடுத்திருந்த நிறுவனத்திடம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். தேர்வில் அவன் வேலையைப் பார்த்திருந்ததால், அவனுக்காகக் காத்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். சில வாரங்களில் வேறு குழுவோடு அவன் கிளம்பினான்.

அன்று அவன் பத்தொன்பது என்றான். பத்தொன்பதுதான் இருந்தது. போர்வையை நான் சொல்வதற்கு முன்பே உதறிக் காட்டினான். நான் இரண்டு தடவை எண்ணினேன். "எண்ணுங்க சார், இன்னொரு வாட்டி எண்ணுங்க" என்று சிரித்தான். மூன்றாவது தடவையும் எண்ணினேன்.

வாசலில் வேனைச் சுற்றி வழக்கமான கூட்டம். யாரோ ஒரு தாய் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நியூஸ்பேப்பரில் கொட்டி மகனிடம் காட்டிக்கொண்டிருந்தாள். தேவாவின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சாந்தி. சுற்றி எல்லோர் கையிலும் பை, டப்பா, தூக்குவாளி. சாந்தியின் இரண்டு கைகளும் காலியாக இருந்தன.

சார் கேட்டார், "என்னம்மா, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் குடுத்து அனுப்பலையா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் சாந்தி. "அவன் கைய வீசிகினு போவட்டும்."

வெளிநாடு போகிறவனுக்கு எதுவும் கொடுக்காமல் வழியனுப்ப வந்த உறவினரை என் வேலைக்காலத்தில் அன்றுதான் பார்த்தேன். வேன் நகர்ந்தபோது அந்தக் காலி கைகளை உயரத் தூக்கி, தெருமுனை திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.